அண்டாவைப் பார்த்த கார்

ஒரு ஷோரூமில் கறுப்பு நிறப் பெரிய கார் ஒன்று ஐந்து மாதமாக விலைபோகாமல் நின்றது. எதிரே இருந்த கண்ணாடிச் சுவரில் நாள் முழுக்கத் தன் அழகைப் பார்த்துக்கொள்வதுதான் அதற்கு வேலை. பக்கத்தில் வந்து நிற்கும் சின்னக் கார்களோ ஒரு வாரம்கூடத் தங்குவதில்லை.

அன்றும் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் பெரிய காரோடு நின்று ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டார். ஆனால் அரை மணி நேரத்தில் சின்னக் காரைப் பேசி முடித்துவிட்டார்கள்.

பெரிய காருக்குப் பொறுக்கவில்லை. "அப்படி என்னடா சொக்குப்பொடி போட்டே?"

"ஒண்ணும் போடலை அண்ணே. அந்த அக்கா ஒரு அண்டா கொண்டு வந்தாங்களே, பார்த்தீங்களா?"

"அண்டாவா? எந்த அண்டா?"

"கல்யாணத்துக்குச் சமைச்சுக் கொடுக்கிறவங்க அண்ணே. அதை ரொம்பத் தூக்காம டிக்கியில வைக்க முடியுதான்னு ரெண்டு தடவை வெச்சுப் பார்த்தாங்க. எனக்குப் பின்பக்கம் தாழ்வு, சுலபமா உள்ளே போயிடுச்சு. பாவம், அவங்களுக்கு இடுப்பு வலி."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆட்டோவை விட்டு இறங்கும்போதே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டாங்களே!"

மறுநாள் சின்னக் கார் மாலையும் கழுத்துமாக, நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. 'பொடியன் கில்லாடிதான்' என்று பெரிய கார் மனசாரச் சொல்லிக்கொண்டது.

வாசலில் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் இறங்குவது யாரென்று பெரிய கார் முதல்முறையாக எட்டிப் பார்த்தது.