ஒடார்ட்டேயின் கப்பல்

லரியாவின் சவப்பெட்டிப் பட்டறையில் அன்று மூன்று பேர் இருந்தார்கள். வாசலோரம் முக்காலியில், அவரவர் தொழிலின் உருவிலேயே சவப்பெட்டி செய்யும் தச்சர் லரியா. பாதி வண்ணம் பூசிய, மீன் வடிவப் பெட்டிக்குப் பக்கத்தில் பலகைமேல் லாரி டிரைவர் ஒடார்ட்டே. எதிர்ப் பெஞ்சில், பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் மனைவி டெடே.

"உனக்கு லாரிதானேண்ணே? முப்பது வருஷம் ஓட்டியிருக்கே. ஒடார்ட்டே லாரியிலேயே போய்ச் சேர்ந்தான்னு தெஷி ஊர் முழுக்கப் பேசும்" என்றார் லரியா.

"லாரி வேணாம். கப்பல் செஞ்சு கொடு. சரக்குக் கப்பல்."

டெடே சிரித்துவிட்டாள். "கேட்டியா லரியா? அலையைப் பார்த்தாலே தலை சுத்துற மனுஷன். இவருக்குக் கப்பலாம்!"

ஒடார்ட்டே சட்டைப் பையிலிருந்து புகைப்படம் ஒன்றை எடுத்து நீட்டினார். மகன் சோவா வேலை பார்க்கும் கப்பல். போன வருடம் அவன் அனுப்பியது. "இதே மாதிரி. சிவப்புப் புகைக்கூண்டு."

"ஓ, பையன் கப்பல்ல ஏறிப் பார்க்க ஆசை! சரி, படு. அளந்துடறேன்."

ஒடார்ட்டே பலகைமேல் நீட்டிப் படுத்தார். லரியா உச்சியிலிருந்து பாதம்வரை நாடாவை இழுத்தார். "அஞ்சடி ஆறு."

"அரைச் சாண் கூட்டிப் போடு."

"ஏன், செத்த பிறகும் வளரப் போறியா?"

"வாய்க்கு இடம் வேணாமா? அது தனி நீளம்" என்றாள் டெடே.

"எப்ப வேணும்? அவசரமில்லையே?"

"இன்னையிலேருந்து மூணாவது வெள்ளிக்கிழமை."

"நாளே குறிச்சு வச்சிருக்காரு பாரேன்! காலையில ரெண்டு உருண்டை சோளக் கெங்கேயை மீனோட முழுங்கிட்டு வந்தவரு!" டெடே எழுந்தேவிட்டாள். "இரு, சோவாகிட்ட சொல்றேன். எழுது!"

அவளுக்கு எழுத்துத் தெரியாது. மகனுக்குப் போகும் கடிதங்களை எல்லாம் ஒடார்ட்டேதான் எழுதுவார். லரியா அளவு நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார்.

"மகனே, உங்கப்பாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. நல்லாத் தின்னுக்கிட்டே பெட்டிக்கு அளவு கொடுக்கிறாரு. டிசம்பர்லயாவது வந்து ரெண்டு வார்த்தை கேளு. கருவாட்டு மிளகாய்ச் சாந்து வறுத்து வச்சிருக்கேன், ரெண்டு பாட்டில். ஒண்ணு உனக்கு, ஒண்ணு உன் கூட்டாளிங்களுக்கு..."

ஒடார்ட்டே ஒவ்வொரு சொல்லாக எழுதினார். மிளகாய்ச் சாந்தில் வந்து பேனா நின்றது.

"என்ன சோவா அப்பா, டீசல் தீர்ந்துபோச்சா?"

"இல்ல. மேலே சொல்லு."

"குளிர்ல தலையை மூடிக்கோ. அவ்வளவுதான்."

ஒடார்ட்டே தாளை நான்காக மடித்தார். லரியா கொடுத்த உறையில் போட்டு, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தினார். வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"இன்னிக்கே போட்டுடு, மறந்து தொலைக்காதே" என்று சொல்லிவிட்டு டெடே மீன் சந்தைக்குக் கிளம்பினாள். அவள் தலை தெருமுனையில் திரும்பும்வரை ஒடார்ட்டே வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லரியா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "தபாலாபீஸ் பக்கம்தான் போறேண்ணே. கொடு, நானே போட்டுடறேன்."

ஒடார்ட்டே கடிதத்தை அவர் கையில் வைத்தார். பிறகு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"தபால்ல வேணாம் லரியா. கப்பலுக்குள்ள, தலைமாட்டுல வச்சிடு."

லரியாவுக்குப் புரியவில்லை. கடிதத்தைப் பார்த்தார். அளவு நோட்டைப் பார்த்தார்.

ஒடார்ட்டே சொன்னார்: "சோவா என்னைவிட அரைச் சாண் உசரம்."