ரெண்டுக்கு ஒண்ணு

செல்போனில் நேற்று நடந்த, குத்துச்சண்டைப் பட்டத்துக்கான போட்டியை மறுபடியும் ஓட்டினாள் மகள். அவள் வீங்கிய கன்னத்தில் அம்மா ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பாரும்மா, கடைசி ரவுண்டுல யார் கை ஓங்கியிருக்கு? அந்த நடுவர்களுக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?”

“மூணு பேர்ல ரெண்டு பேர் சொன்னா அதுதான் தீர்ப்பு. விடுடி.”

“தப்பான தீர்ப்பும்மா. எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க.”

“பேசறவங்க பேசிட்டுப் போகட்டும். ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க.”

“எனக்கு மறக்காதே! பொட்டுத் தூக்கம் வரல.”

சட்டென்று பயிற்சியாளருக்குப் போன் போட்டாள். “சார், அதே பொண்ணோட நான் இன்னொரு தடவை மோதணும். ஏற்பாடு பண்ணுங்க.”

அம்மா பதறிப்போனாள். “பைத்தியமாடி உனக்கு? நடுவர் உன் கையைத்தானே தூக்கினார்! இப்பப் போய்த் தோத்தா, வாங்கின பட்டம் போயிடுமே!”

“போகட்டும்மா. நேத்து ஜெயிச்சது அவதான். அடுத்த தடவை நெஜமாவே ஜெயிச்சு வாங்கறேன்.”

எதிர்முனையில் பயிற்சியாளர் சிரித்தார். “இதைக் கேட்டா அந்தப் பொண்ணு துள்ளிக் குதிப்பா. இப்பவே சொல்றேன்.”

அம்மா ஐஸைக் கீழே வைத்தாள்.

“நீ அடி வாங்கறதைப் பாக்கப் பயந்துதான் நான் இதுவரைக்கும் நேர்ல வந்ததில்ல. இந்தத் தடவை முன்வரிசையில எனக்கொரு சீட் சொல்லி வை. அந்த மூணு பேரும் ஒழுங்காப் பாக்கறாங்களான்னு நான் பாக்கறேன்!”