மஞ்சள் நம்பர்

கன்னியம்மா நேராகப் போய்த் திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்துடி!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பால்வாடியின் ஜன்னல்களைப் போர்வையால் அடைத்து இருட்டாக்கியிருந்தார்கள். உள்ளே முப்பது பேர். புழுங்கித் தள்ளியது. யாருடைய பிறந்தநாளுக்கோ அடித்த ஃபிளெக்ஸைத் திருப்பிக் கட்டியதுதான் திரை.

"கன்னியம்மாக்கா, தள்ளுங்க. முழுசாப் பாத்துட்டுப் பேசலாம்" என்றாள் ஜெசிந்தா. குடிசைவாசிகள் சங்கத்துப் பெண். இவர்களுடையதைப் போலவே, போன வருஷம் வீடுகள் இடிபட்ட வேறொரு கால்வாய்க்கரையின் கதையாம். பார்த்துவிட்டு எல்லோரும் ஒன்றாகக் கூடவேண்டுமாம்.

எதற்குக் கூட? கன்னியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து நாளுக்கு முன்புதான் கவுன்சிலரின் ஆள் வந்து, வீட்டுக்கு வீடு கதவில் மஞ்சள் பெயிண்டால் நம்பர் எழுதிவிட்டுப் போனான். பட்டா நம்பர் என்றான். முப்பது வருஷமாக வராத பட்டா! நம்பருக்கு முதலில் குங்குமம் வைத்தவள் அவள்தான். தெரு முழுக்க வைக்கச் சொன்னவளும் அவள்தான்.

இங்கே படம் போடுகிறார்கள் என்று காதில் போட்டவனும் அந்த ஆள்தான்.

"நல்லது நடக்கற நேரத்துல எழவுப் படமாடி காட்ற? உன் வாயில வசம்ப வச்சித் தேய்க்க! நீ பஸ் ஏறிப் பூடுவ. இங்க குடியிருக்கறது யாரு?"

வழக்கமாக அவள் கத்தினால் கூடக் கத்த நாலு பேர் எழுவார்கள். இன்று ஒருவரும் எழவில்லை. அவள் முகத்தையே யாரும் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

திரும்பினாள்.

திரையில் அந்தக் கால்வாய்க்கரையின் ஒரு கதவு.

கதவில் மஞ்சள் நம்பர்.

நம்பரின் மேல் குங்குமம்.

பொக்லைனின் கை மேலிருந்து இறங்கியது.

புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். "பாவிங்களா!" யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெயிலில் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். கதவில் பதினேழு. முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள்.

குங்குமம் வந்தது. மஞ்சள் வரவில்லை.

பக்கத்துக் கதவிலும் குங்குமம். அதற்கடுத்த கதவிலும். எல்லாம் அவள் சொல்லி வைத்தது.

திரும்பி வந்தபோது பால்வாடி வாசலில் கவுன்சிலரின் ஆள் நின்றிருந்தான்.

"இன்னாக்கா, நிறுத்திட்டியா?" சிரித்தான்.

அவனைத் தாண்டி உள்ளே போனாள். அவன் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். முப்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

வயரைத் தேடி எடுத்து அவளே செருகினாள்.

"அதுக்கப்புறம் அந்தக் கரை ஜனங்க இன்னாடி செஞ்சாங்க? மீதியப் போடு."

வெளியே அந்த ஆள் கதவைத் தட்டினான். பிறகு இடித்தான்.

கன்னியம்மா கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றபடி படம் பார்த்தாள்.