பஞ்சுக் குச்சி

பெற்ற தாய் மருத்துவமனை அறைக்குள் முனகிக்கொண்டிருக்க, மகள் கதவுக்கு வெளியே நின்றாள். ஒன்பது நாளாக அறைக்குள் ஓர் அடி வைக்கவில்லை. நெஞ்சா கல்லா என்று பக்கத்து அறைக்காரர்கள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது.

அவள் அதே மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எலும்பு டாக்டருக்குப் பதினெட்டு வருடமாகக் கருவி எடுத்துக் கொடுப்பவள். தியேட்டருக்குள் அவர் சார், வெளியே அண்ணன். அவர் கைராசியை நம்பித்தான், மாட்டேன் என்று அழுத அம்மாவைச் சம்மதிக்க வைத்து மூட்டு மாற்றச் செய்தாள்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. முழங்கால் சிவந்து வீங்கி, தையலில் நீர் கசிந்தது. டாக்டர் ஊசி விட்டு மூட்டு நீரை எடுத்தார், கலங்கலாக வந்தது. கிருமி புகுந்துவிட்டது. ஆறிக்கொண்டிருந்த காலை மறுபடி திறந்து கழுவ வேண்டியதாயிற்று.

கிருமி எங்கிருந்து வந்தது என்று பார்க்க, அன்று தியேட்டரில் இருந்த நான்கு பேர் மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். முடிவை டாக்டரே நேரில் போய் வாங்கி வந்தார். அவளை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அம்மா முட்டில இருக்கிறதும் உன் மூக்குல இருக்கிறதும் ஒரே கிருமிம்மா. நீ தெரிஞ்சா செஞ்சே? லீவு எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கி இரு. வெளியில யாருக்கும் தெரியாம அண்ணன் பாத்துக்கறேன்."

அவள் அவர் காலில் விழாத குறைதான். அன்றிலிருந்து மூக்கில் களிம்பு, மருந்து சோப்பில் குளியல், கதவுக்கு வெளியே காவல். என் மேல் என்னடி கோபம் என்று அம்மா உள்ளிருந்து கேட்டபோதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் இடத்தில் வேறு நர்ஸை வைத்துக்கொண்டு டாக்டர் தினம் இரண்டு பேருக்கு மூட்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் காலை அவள் லேபுக்குப் போனாள். கிருமி போய்விட்டதா என்று இன்னொரு முறை பார்த்துச் சொன்னால், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கேட்டாள்.

லேப் அம்மாள் பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு எதுக்கு சிஸ்டர்? உங்க குச்சியில ஒண்ணுமே வளரலையே."

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"டாக்டரோடதுலதான் வளந்துச்சு. சரியாகற வரைக்கும் யாரையும் தொடாதீங்கன்னு அவர்கிட்டயே சொல்லி அனுப்பினேனே, சொல்லலையா?"