குடை போய்ச் சேரட்டும்

“குரல் கம்மணும். கண்ணு லேசா கலங்கணும். ‘உங்கப்பா மாதிரி ஒரு மனுஷரை நான் பார்த்ததே இல்லை’ன்னு நான் சொல்றப்போ நீ ‘உம்’ கொட்டணும். சிரிச்சே, காரியம் கெட்டுச்சு!” என்றான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்.

“பெத்த அப்பாவை ஏமாத்துறதுக்கு என்னையே கூட்டு சேக்கிறியே, நீ நல்லா இருப்பியா?” என்றாள் அவன் காதலி. அவளுக்கு இப்போதே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

அவள் அப்பா அம்மாவை முன்னால் போகவிட்டு, இருவரும் நின்றது மலை உச்சியில், மராட்டிய ராஜாவின் கோட்டைக்குள், கொலு மண்டபத்து வாசலில். கூரையெல்லாம் எப்போதோ போய்விட்டது. சுவர்களுக்கு நடுவே பெரிய முற்றம், அதன் மறுகோடியில் கல்லால் ஆன சிம்மாசன மேடை.

வாசலில் யாராவது முணுமுணுத்தால்கூட மேடையில் இருக்கும் ராஜாவின் காதில் விழுகிற மாதிரி அந்தக் காலத்திலேயே கட்டிவிட்டார்களாம். அடிவாரத்தில் கைடு சொன்ன இந்தச் சங்கதியைக் கேட்டதுமே கடைக்காரனுக்கு யோசனை உதித்துவிட்டது. காதலியின் அப்பா அதைக் கேட்கவில்லை. “கைடு எதுக்கு? எனக்குக் கால் இருக்கு” என்று அவர் அதற்குள் ஏற ஆரம்பித்திருந்தார்.

அவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். “பையன் என்கூட மலை ஏறட்டும். ஆளைப் பார்த்துட்டு இறங்குறதுக்குள்ள முடிவைச் சொல்றேன்” என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார். இன்று அவர் வாயிலிருந்து சம்மதம் வராவிட்டால் கல்யாணம் அம்போதான்.

ஏறுவதில் ஏற்கெனவே மானம் போய்விட்டது. மாஸ்டர் சிவப்புக் குடையைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு, வரையாடு கணக்காகக் கிடுகிடுவென்று ஏறினார். கடைக்காரன் நாக்குத் தள்ள, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்த அவர் மனைவிக்குத் துணையாகப் படிக்குப் படி உட்கார்ந்தான்.

“மிஸ்டர்! மூச்சு இருக்கா?” என்று மேலிருந்து குரல் வந்ததே ஒழிய, ‘தம்பி’ என்று ஒரு வார்த்தை வரவில்லை.

“சரி, அப்பா மேடைக்குப் போயிட்டாரா, பாரு” என்றாள் அவள்.

கடைக்காரன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “இல்ல. அதோ, குடை பாதி வழியிலதான் ஊருது. பத்தடிக்கு ஒருதரம் நிக்குது. அது போய்ச் சேரட்டும். அதுக்குள்ள மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டிடறேன். அப்பத்தான் நாடகத்துல வாய் தவறாது.”

“கொட்டு, கொட்டு.”

“உங்கப்பா ஒரு பழைய பீரங்கி! சத்தம் எட்டு ஊருக்குக் கேக்கும், உள்ளே குண்டு கிடையாது. அந்த மீசையும் அந்த ‘மிஸ்டரும்’! நாளைக்கு நம்ம குழந்தையைக்கூட அட்டென்ஷன்ல நிக்க வெச்சுத்தான் பால் குடுப்பார், பாத்துக்கோ.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அப்படியா? அப்ப எதுக்கு இந்தப் பாடு? வேற நல்ல இடமா பாத்துக்கிட்டுப் போயேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? தினம் நூறு தண்டால் எடுன்னாலும் எடுப்பேன். சாகிற வரைக்கும் ‘மிஸ்டர்’னே கூப்பிட்டாலும் கேட்டுக்குவேன். நீ இல்லாம என்னால முடியாது.” சொன்னவனுக்கு நிஜமாகவே குரல் கம்மிவிட்டது.

“இதையே சொல்லேன், அப்பாவுக்குக் கேக்கட்டும்.”

“சேச்சே, இது வசனத்துல இல்ல. அதோ, குடை போயிடுச்சு! ஆரம்பிக்கலாமா?”

ஆரம்பித்தான். மாமனாராகப் போகிறவர் மனிதரே அல்ல, மலை என்றான். அவர் கட்டுப்பாட்டில் பாதி தனக்கு இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்றான். அவர் காலடியில் கிடந்தாலே போதும் என்று சொல்லி ஒரு விம்மலும் விட்டான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒழுங்காக ‘உம்’ கொட்டினாள்.

“போதும், வா. பழம் நழுவிப் பாலில் விழுந்தாச்சு!” என்று அவள் கையைப் பிடித்து முற்றத்தைக் கடந்தான்.

மேடையருகே சிவப்புக் குடை மடங்கியது. அதன் அடியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வெளிப்பட்டது அவள் அம்மா.

“அப்பா எங்கேம்மா?”

“இந்த வெயில்ல நீ எப்படி நடப்பேன்னு குடையை எங்கிட்டக் குடுத்துட்டு எனக்கு முன்னாடியே விறுவிறுன்னு வந்துட்டாரே! அப்போலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கார்.”

ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற கடைக்காரனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் இரண்டும் தாமாகவே அட்டென்ஷனில் சேர்ந்தன.

சிம்மாசன மேடையிலிருந்து மீசையை முறுக்கியபடி இறங்கி வந்த டிரில் மாஸ்டர், அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“நாடகம் சுமார்தான். ஒத்திகைதான் பிரமாதம், மாப்பிள்ளை!”