கல்லில் வெட்ட ஒரு வரி

ஞாயிறு. ஆறரைக்கு எழுந்தான். முகம் மழித்தான், சட்டைக்கு இஸ்திரி போட்டான். அலமாரியிலிருந்து இரண்டு கப் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான்.

போன் அடித்தது. ஊரிலிருந்து அக்கா.

"டேய், வர்ற வெள்ளிக்கிழமையோட உன் பொண்டாட்டி போய் ஒரு வருஷம். கல்லறைக்கல்லு ரெடி. என்ன வசனம் வெட்டறதுன்னு கல்லு வெட்டறவர் நாலு நாளா என் உயிரை எடுக்கறார்."

"இன்னிக்குச் சொல்றேன்கா. அந்தம்மா சொல்றதைத்தான் போடணும்."

லிஃப்ட் மாட்ட வந்த வெளிநாட்டில் ஐந்து மாதமாக அவனுக்கு அந்தம்மாதான் ஆறுதல். ஞாயிறு ஆராதனைக்குப் போகும் சபையின் பாஷை அவனுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. முதல் நாள் தாமதமாகப் போனான். பத்துப் பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஓர் இடம் மட்டும் காலி; அதில் ஒரு பழைய ஆண் தொப்பி.

ஆண்டவர் தனக்கென்றே ஒதுக்கிய இடம் என்று நினைத்தான். தொப்பியை எடுத்துப் பக்கத்திலிருந்த வயதான அம்மாவிடம் பணிவாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

அந்தம்மா அவன் தோளில் கைவைத்து, காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவனுக்குக் கண்ணீர் கொட்டியது. அன்றிலிருந்து வாராவாரம் அதே இடம், அதே கை, அதே வார்த்தைகள். குரலில் மட்டும் அபிஷேகம் ஏறிக்கொண்டே போனது.

ஊர்ப் போதகர் கேட்டதும் போனிலேயே அல்லேலூயா போட்டார். "தம்பி, அது தீர்க்கதரிசனம்! அர்த்தம் கேட்டு ஆவியானவரைத் துக்கப்படுத்தாதீங்க." மறுவாரம் அதை வைத்தே ஒன்றரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். சபையே அழுதது. கல்லுக்கு வேண்டும் என்றதும், அர்த்தம் கேட்கலாம் என்று அவரே அனுமதியும் கொடுத்தார்.

இன்று போனில் பதிவு செய்தான். அந்தம்மா தோளை உலுக்கியே சொன்னார். அவன் கண்களை மூடி "ஆமென்" என்றான்.

அங்கிருந்து நேராக மளிகைக்கடை. கடைக்காரர் தமிழர், இருபது வருடமாக அந்த ஊரிலேயே இருப்பவர். கடை போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். அக்கா பக்கத்தில் போதகரும் கல் வெட்டுகிறவரும் காத்திருந்தார்கள்.

கடைக்காரர் பதிவை ஒருமுறை கேட்டார். இன்னொரு முறை கேட்டார். துடைத்த தராசையே மறுபடியும் துடைத்தார்.

"என்னண்ணே, எந்த வசனம்?"

"வசனமெல்லாம் இல்ல தம்பி. விட்டுடுங்களேன்."

"அய்யா, கூச்சப்படாதீங்க," என்றார் போதகர். "அந்தத் தாயார் சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு எழுத்து மாறக்கூடாது."

"சொல்லுங்க, எழுதிக்கறேன்," என்றார் கல் வெட்டுகிறவர்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"'இது செத்துப்போன என் வீட்டுக்காரர் உட்கார்ற இடம். எந்திரிடா.'"