இருபத்திரண்டாவது படம்

“சம்பான் படகின் பின்முனையில் நல்லசாமி, துடுப்போடு. நடுப்பலகையில் நான், கேமராவோடு. முன்பலகையில் என் மனைவி, குறிப்புக் கொப்பியோடு. எழுதியாச்சோ?”

“எழுதிட்டன்,” என்றாள் வாகீஸ்வரி. “கொப்பியோட எண்டு எழுதினா, அந்தக் கொப்பிய ஒருக்காத் திறந்தும் பாக்கலாமே?”

“தேவையில்லை. எல்லாம் எனக்கு மனப்பாடம்,” என்றார் போட்டிக்கான கடிதத்தைச் சொல்லிக்கொண்டிருந்த குமாரசிங்கம்.

அவர் ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோலா சிலாங்கூருக்குக் குடிவந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் பறவைகளைப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். கேமராவை அவர் அமுக்குவார். படத்தின் வரிசை எண்ணையும் நேரத்தையும் உரக்கச் சொல்லுவார். வாகீஸ்வரி கொப்பியில் பதிவாள்.

கோலாலம்பூர்ப் பத்திரிகை ஒன்று நடத்தும் இயற்கைப் படப் போட்டிக்கு ஐந்து வருடமாக அனுப்புகிறார். ஆறுதல் பரிசு கூட வந்ததில்லை. போன வருடம் கிள்ளானில் இருக்கும் பழைய கூட்டாளி வைரவநாதனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்ததிலிருந்து அவருக்குச் சோறே சரியாக இறங்கவில்லை.

இந்த வருடம் கதை வேறு. ஸ்டூடியோ தேவதாஸ் பெரிதாக்கிக் கொண்டுவந்த படம் மேசையில் கிடந்தது. செம்பருந்து ஒன்று ஆற்றிலிருந்து மீனைத் தூக்கும் நொடி. நகம் மீனில், இறக்கை நுனி தண்ணீரில். தெறித்த துளிகளை ஒன்று ஒன்றாக எண்ணலாம்.

“கொஞ்சம் சாஞ்சிருக்கு, சார்,” என்றான் தேவதாஸ். “ஆனா அதான் இதுக்கு அழகே.”

“வேணுமெண்டுதான் சாய்ச்சனான்,” என்றார் குமாரசிங்கம். “எழுதும், வாகீஸ்வரி. ‘மூச்சை அடக்கி, கண் இமைக்காமல் காத்திருந்து...’”

வாசல் நாற்காலியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த படகோட்டி நல்லசாமி சிரித்துவிட்டான். “ஐயா, அன்னிக்கு உங்க தொப்பி ஆத்துல விழுந்துச்சே, அதயும் எழுதுங்க லா. நீங்க குனிஞ்ச வேகத்துக்கு சம்பானே கவுந்திருக்கும்!”

“தொப்பிக்கோ பரிசு குடுக்கினம்? நீ தேத்தண்ணியக் குடி.”

“அண்டைக்குப் பருந்து மட்டுமே பன்னிரண்டு எடுத்தனீங்கள்,” என்றாள் வாகீஸ்வரி. “இது எத்தினையாவது? எடுத்த நேரம் எழுதச் சொல்லிப் படிவத்தில இருக்கு. ஊகத்தில எழுதுறதோ?”

ஊகம் என்ற சொல் கிராணியைச் சுட்டுவிட்டது. முப்பது வருடத்தில் ஒரு வரி ஊகத்தில் எழுதியவரில்லை அவர்.

தேவதாஸ் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். “இருபத்திரண்டு, சார்.”

வாகீஸ்வரி கொப்பியை அவர் முன்னால் நகர்த்தினாள். குமாரசிங்கம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டினார். இருபது. இருபத்தொன்று. விரல் நின்றது.

இரண்டு தரம் வாசித்தார். நல்லசாமியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.

“சார், போஸ்ட் ஆபீஸ் பன்னெண்டரைக்குச் சாத்திடுவாங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள்,” என்றான் தேவதாஸ்.

“தெரியும். வாகீஸ்வரி, அந்தச் சிவப்புப் பேனாவ எடும்.”

கொப்பியில் என்னமோ செய்தார். பிறகு அவள் எழுதி முடித்திருந்த கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

“ஐயோ! அரை மணித்தியாலமா எழுதினது!”

“பிழையான கடிதம். இனி நான் எழுதுறன்.”

புதுத் தாளில் தன் கைப்படவே எழுதினார். படிவத்தையும் நிரப்பினார். படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து உறையில் போட்டுப் பசை தடவி, முஷ்டியால் நான்கு குத்துக் குத்தி ஒட்டினார். எழுந்தபோது, சம்பளநாளில் தோட்டத்துப் பெரிய துரைக்கு எதிரே நிற்பதுபோல முதுகு நிமிர்ந்திருந்தது.

“நல்லசாமி, ரெஜிஸ்டர் பண்ணு. ரசீது கட்டாயம் வாங்கு.”

நல்லசாமி உறையைத் திருப்பிப் பார்த்தான். “என்னய்யா இது, அனுப்புறவங்க எடத்துல அம்மா பேரு இருக்கு?”

“படம் எடுத்த ஆளின்ர பேரத்தானே போடவேணும்? கிள்ளானுக்குப் போனா வைரவநாதனிட்டக் கேள், அவன்ர மனிசிக்குக் கேமரா பிடிக்கத் தெரியுமோ எண்டு!”

நல்லசாமியின் மோட்டார் சைக்கிள் தபாலாபீஸ் பக்கம் திரும்பியதும், குமாரசிங்கம் கொப்பியை மனைவி பக்கம் தள்ளினார். பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. இருபத்திரண்டில் மட்டும் அவருடையது: ‘காலை 9.10. நான் தொப்பி எடுக்கக் குனிந்திருக்கையில் மனைவி கேமராவை அமுக்கிவிட்டாள். ஒரு படம் வீண்.’ அதில் ‘வீண்’ என்ற சொல் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, தோட்டப் பதிவேட்டில் பிழை திருத்தும் முறைப்படி, ஓரத்தில் கிராணியின் சுருக்கொப்பமும் தேதியும் இருந்தன.